இரண்டு சிறு குழந்தைகளை ஏற்றிச் செல்ல எந்தப் பெட்டி சைக்கிள்?

பொன்னித்துறை:

நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வேனில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். மகள் (16 கிலோ) நான்கு வயது முடிந்து பள்ளியில் சேர்ந்துவிட்டாள். பதினான்கு மாத மகன் (11 கிலோ) அடுத்த மாதம் முதல் க்ரெஷ்ஷுக்கு, அதாவது குழந்தைக் காப்பகத்துக்கு, போகிறான். இரண்டு இடங்களும் ஒரே வழியில், இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இடையில் ஒரு கால்வாய்ப் பாலமும் ஒரு ரவுண்டானாவும் உண்டு. கார் வாங்கும் எண்ணம் இல்லை. மதுரையில் பள்ளி நாட்களில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. இங்கே வந்த பிறகுதான் மறுபடியும் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். முன்னால் பெட்டி வைத்த சைக்கிள் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் அது மூன்று சக்கரமா, இரண்டு சக்கரமா என்பதில் வீட்டில் உடன்பாடு இல்லை. மூன்று சக்கரம் சாயாது என்பது என் எண்ணம். என் கணவர் மறுக்கிறார். ஓட்டிப் பழகியவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வடமராட்சியான்:

சகோதரி, உங்கள் எண்ணம் சரியானது என்றே சொல்வேன். நான் கோபன்ஹேகனில் இரண்டு பிள்ளைகளையும் மூன்று சக்கர வண்டியில்தான் ஏற்றித் திரிந்தேன். கிறிஸ்டியானியா குடியிருப்பின் பட்டறையில் 1984ஆம் ஆண்டு இந்த வகையின் முதல் வண்டி செய்யப்பட்டது. அதிலிருந்து இன்றுவரை இந்த நகரத்துக் குடும்பங்கள் அதை விடவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. சிறு பிள்ளையோடு போகிறவருக்கு ஓடும் நேரத்தை விட நிற்கும் நேரத்தில்தான் தொல்லை அதிகம். சிக்னலில் நிற்கும்போது பிள்ளை எழுந்து திரும்பினாலும், ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தாலும், உங்கள் கால் பெடலிலேயே இருக்கும், வண்டி அசையாது. பிள்ளைக்குப் பெல்ட் மாட்ட இரண்டு கைகளும் உங்களிடம் இருக்கும். பனி உறைந்த காலைகளில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிறிஸ்டியானியா வகையில் பெட்டியும் முன்சக்கரங்களும் சேர்ந்தே திரும்பும். நிஹோலா வகையில் பெட்டி ஃபிரேமோடு அசையாமல் இருக்க, சக்கரங்கள் மட்டும் திரும்பும். புதிதாக ஓட்டுபவருக்கு இரண்டாவது வகை எளிது.

அச்சாணி:

நிற்கும்போது சாயாது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நிற்கும்போது கிடைக்கும் அந்த உறுதி ஓடும்போதும் கிடைக்கும் என்று நம்பி வாங்குவதுதான் ஆபத்து, பொன்னித்துறை அவர்களின் கேள்வியே அந்த நம்பிக்கையில் இருந்துதான் எழுகிறது.

இரண்டு சக்கர வண்டி வளைவில் உட்புறம் சாய்கிறது. நாம் அறியாமலே உடல் அதைச் செய்துவிடுகிறது. சாதாரண மூன்று சக்கர வண்டியால் சாய முடியாது. ஆகவே வெளிப்புறம் தள்ளும் விசை முழுவதும் வண்டியைக் கவிழ்க்கவே பார்க்கும். முன்சக்கரங்களுக்கு இடையே அகலம் தாராளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் வண்டி தரையைத் தொடும் மூன்று புள்ளிகளும் சேர்ந்து பின்னோக்கிக் குறுகும் முக்கோணம் ஆகின்றன. ஓட்டுபவர் அமர்வது முன்பக்கத்து அகலத்தின் மேல் அல்ல, அந்த முக்கோணம் ஒற்றைப் பின்சக்கரத்தை நோக்கிக் குறுகிவிட்ட இடத்தின் மேல். அதுவும் வண்டியிலேயே உயரமான இடத்தில்.

இதிலிருந்து பலரும் எதிர்பாராத ஒரு விளைவு வருகிறது. குழந்தைகள் பெட்டியில் தாழ்வாக அமர்ந்திருக்கும்போது அவர்களுடைய எடை முன்சக்கரங்களை அழுத்திப் பிடித்திருக்கும். அவர்களை இறக்கிவிட்டு, வெறும் பெட்டியோடு, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று சற்று வேகமாகத் திரும்பும்போதுதான் உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழும். உங்கள் வழியில் உள்ள ரவுண்டானாவும் பாலத்து இறக்கமும் அதற்கு ஏற்ற இடங்கள். மோட்டார் இருந்தால் 25 கி.மீ. வேகம் வரை உதவி கிடைக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வடமராட்சியான்:

அச்சாணி சொல்லும் இயக்கவியலில் பிழை இல்லை. அதை எடை போடும் விதத்தில்தான் எனக்கு வேறுபாடு. வளைவில் வேகத்தைக் குறைப்பது ஓட்டுபவரின் கையில் இருக்கிறது, பழகினால் இயல்பாகிவிடும். ஆனால் நீண்ட இரண்டு சக்கர வண்டி, மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஏறத்தாழ 50 கிலோ, பிள்ளைகள் இருவரும் 27 கிலோ, அதோடு பைகள். சிக்னலில் அது ஓர் அளவுக்கு மேல் சரிந்துவிட்டால், ஒற்றைக் காலை ஊன்றி அதை நிமிர்த்துவது பலருக்கும் முடியாத காரியம். சகோதரி தம்மைப் பற்றி எழுதியதை மறுபடியும் படியுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓட்டத் தொடங்கியிருப்பவர் அவர்.

வளைவில் சாயக்கூடிய மூன்று சக்கர வண்டிகளும் இருக்கின்றன. கோபன்ஹேகனின் புட்சர்ஸ் அண்ட் பைசிக்கிள்ஸ் நிறுவனம் அத்தகைய வண்டியைச் செய்கிறது. விலை அதிகம்.

செம்பருத்தி:

பெட்டி தேவைதானா என்பதையே நான் கேட்க விரும்புகிறேன். ஐந்தோவனில் என் பிள்ளைகளைச் சாதாரண சைக்கிளில், ஒருவரை முன் இருக்கையிலும் ஒருவரைப் பின் இருக்கையிலும் வைத்துத்தான் அழைத்துச் சென்றேன். முன் இருக்கை 15 கிலோ வரைக்கும், பின் இருக்கை 22 கிலோ வரைக்கும் செய்யப்படுகிறது. உங்கள் பிள்ளைகள் இருவரும் அதற்குள் அடங்குவார்கள். நம் ஊரில் டபுள்ஸ் ஏற்றியது போலக் கேரியரில் அப்படியே உட்கார வைக்க மட்டும் நினைக்காதீர்கள். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முதுகு, கை, கால் மூன்றுக்கும் ஆதரவு உள்ள இருக்கை வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். மகள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தானே சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கு வரத் தொடங்குவாள். அதற்குள் ஆறாயிரம் யூரோவைப் பெட்டியில் போட வேண்டுமா?

அச்சாணி:

செலவைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் முன்னால் 11 கிலோ ஹேண்டில்பாருக்கு அருகிலும், பின்னால் 16 கிலோ சக்கரத்துக்கு மேலும் என இரண்டு எடைகளும் உயரத்தில் இருக்கின்றன. ஒரு குழந்தையை ஏற்றிவிட்டு அடுத்ததைத் தூக்கக் குனியும் அந்த நேரத்தில் வண்டி ஒற்றை ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. பெட்டி வண்டியில் எடை மிகத் தாழ்வாக இருக்கும். நான்கு கால் ஊன்றும் அகலமான ஸ்டாண்டைப் போட்டால் குழந்தை தானே ஏறி அமரலாம். குழந்தை கண்ணெதிரில் இருப்பதையும் குறைவாக மதிக்க வேண்டாம். பெல்ட்டைக் கழற்றும் வயது அது.

பொன்னித்துறை:

அனைவருக்கும் நன்றி. கீழ்த்தளத்தில் உள்ள சைக்கிள் அறையில் வைக்கலாம் என்றுதான் எண்ணியிருந்தோம். இன்று அளந்து பார்த்தேன்: கதவின் உள் அகலம் 83 செ.மீ., கதவைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

அச்சாணி:

அப்படியானால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிட்டது. குழந்தைகளுக்கான மூன்று சக்கர வண்டிகள் பெரும்பாலும் 85 செ.மீ.க்கு மேல் அகலம் உள்ளவை. அந்தக் கதவில் நுழையாது. இரண்டு சக்கர வண்டியில் ஹேண்டில்பார் உட்பட 70 செ.மீ. அளவில்தான் இருக்கும். ஆனால் நீளம் இரண்டரை மீட்டர் என்பதால் அந்த இடப்பக்கத் திருப்பம் சிக்கலாகலாம். அறையின் நீளத்தையும், திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்து, தரையில் சுண்ணக்கட்டியால் வண்டியின் அளவைக் கோடு போட்டுப் பாருங்கள்.

திரும்ப முடியவில்லை என்றால் பின்புறம் நீண்ட லாங்டெயில் வகை இருக்கிறது. டெர்ன் நிறுவனத்தின் ஜிஎஸ்டி (GSD) என்ற மாடல் 2017இல் வந்தது. நீளம் சாதாரண சைக்கிளைப் போல ஏறத்தாழ 180 செ.மீ.தான், பின்பக்கத்தை ஊன்றிச் செங்குத்தாகவும் நிறுத்தலாம். சக்கரங்கள் 20 அங்குலம் என்பதால் பின் இருக்கைகள் தாழ்ந்தே இருக்கும். மொத்த எடை 200 கிலோ வரை தாங்கும். வண்டியும் ஓட்டுபவரும் போக உங்கள் குழந்தைகளுக்கும் இருக்கைகளுக்கும் பைகளுக்கும் போதுமான இடம் மிஞ்சும். குழந்தைகள் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள், மழையிலிருந்து காப்பு குறைவு. இந்த இரண்டு குறைகளும் உண்மையானவை.

வடமராட்சியான்:

வண்டி கதவில் நுழையாது என்பதற்காகப் பிள்ளைகளின் பாதுகாப்பை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதா? இங்கே பலரும் தெருவில்தான் உறை போட்டு, நிலத்தில் பதித்த வளையத்தில் பூட்டி வைக்கிறார்கள். அகலமான வண்டிக்கு உங்கள் நாட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு. இரண்டுக்கு மேற்பட்ட சக்கரங்களோடு 75 செ.மீ.க்கு மேல் அகலம் உள்ள சைக்கிள், சைக்கிள் பாதையை விட்டுப் பொதுச் சாலையில் செல்லலாம்.

செம்பருத்தி:

நான்கு வயதுக் குழந்தையோடு கார்கள் போகும் சாலையில் இறங்கும் உரிமையைப் பாதுகாப்பு என்று எப்படிக் கணக்கில் வைப்பது? அந்த விதி ஓட்டுபவருக்கு வழி தருகிறது, பயணத்தைப் பாதுகாப்பாக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியைத் தெருவில் விட்டால் இரவெல்லாம் அதே நினைப்பாகத்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

விலையைப் பற்றி இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். புதிய வண்டி என்றால், அலுவலகம் வழியாக லீசில் எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். 2020 ஜனவரி முதல் வண்டியின் சில்லறை விலையில் 7 விழுக்காடு மட்டுமே வரிக் கணக்கில் உங்கள் ஆண்டு வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது. 6,000 யூரோ வண்டிக்கு அது 420 யூரோ; வரி விகிதம் 37 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், இதனால் நீங்கள் கட்டும் கூடுதல் வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 155 யூரோ. லீஸ் தொகையில் எவ்வளவை நிறுவனம் ஏற்கும், எவ்வளவைச் சம்பளத்தில் பிடிக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பழைய வண்டி என்றால் எச்சரிக்கை தேவை. 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் உணவு மற்றும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஃபிரேம் உடையும் அபாயத்தின் காரணமாக பாபூ நிறுவனத்தின் பெட்டி சைக்கிள் விற்பனையை நிறுத்தி, சிட்டி, மினி உள்ளிட்ட மாடல்களைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. அப்படிப்பட்ட வண்டிகள் மலிவு விலையில் கைமாறாது என்று சொல்வதற்கில்லை. ஃபிரேம் எண்ணைக் கேட்டு, திரும்பப் பெறும் பட்டியலோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வடமராட்சியான்:

சிட்டியும் மினியும் இரண்டு சக்கர வண்டிகள் என்பதைக் கவனியுங்கள். இருக்கைக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே எடையைத் தொங்கவிட்டால், ஃபிரேம் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வளைந்து நிமிர்கிறது.

அச்சாணி:

அந்த வளைவு உண்மைதான். ஆனால் அது வெல்டிங்கையும் குழாயின் தடிமனையும் சரியாகச் செய்து தீர்க்க வேண்டிய சிக்கல். டென்மார்க்கிலேயே லாங் ஜான் என்ற பெயரில் இதே நீண்ட அமைப்பு, குழந்தைகளை விட எடை கூடிய சரக்குகளைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்து வந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் குறையை அந்த அமைப்பின் மீது சுமத்துவது முறையல்ல. மேலும் அந்த உத்தரவு பின்னர் அதே நிறுவனத்தின் வேறு மாடல்களுக்கும் விரிந்தது. வாங்குபவர் சுமைச் சைக்கிள்களுக்கான ஜெர்மனியின் டிஐஎன் 79010 தரத்தின்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்கலாம். பழைய வண்டியாக இருந்தால் பெட்டியைக் கழற்றச் சொல்லி, முன்குழாய் சேரும் இடத்தில் பெயிண்ட் மயிரிழையாய் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பொன்னித்துறை:

அறையை அளந்தாயிற்று. இரண்டரை மீட்டர் வண்டி திரும்பும், ஆனால் ஒரு முறை பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஆகவே நீண்ட இரண்டு சக்கரமும் லாங்டெயிலும் மட்டும் கணக்கில் இருக்கின்றன. சனிக்கிழமை இரண்டையும் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

அச்சாணி:

வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் தடவையே குழந்தைகளை ஏற்றவும் வேண்டாம். இரண்டு பத்து கிலோ அரிசி மூட்டைகளையும் ஓர் ஐந்து கிலோ மூட்டையையும் எடுத்துச் சென்று, பெல்ட் மாட்டிக் கட்டுங்கள். மெதுவாக நடக்கும் வேகத்தில் நேராக ஓட்டிப் பாருங்கள். பெட்டி வண்டியில் தொடக்கத்தில் தள்ளாட்டம் இருக்கும், பார்வையைப் பெட்டியில் வைக்காமல் தொலைவில் வைத்தால் குறையும். பிறகு ஒரு பாலத்து இறக்கத்தில் முழு பிரேக் பிடியுங்கள். டிஸ்க் பிரேக் இல்லாத வண்டியை இந்த எடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைசியாக, நிறுத்திய இடத்தில் ஸ்டாண்டை நீங்களே போட்டு எடுங்கள், உங்கள் கணவர் தொடக் கூடாது. அன்றாடம் அதைச் செய்யப் போவது நீங்கள்.

வடமராட்சியான்:

அந்தச் சோதனையில் சுமையோடு வண்டியைச் சற்றுச் சரித்து, தனியாக நிமிர்த்தியும் பாருங்கள், சகோதரி. முடியவில்லை என்றால், தெருவில் நிறுத்த வேண்டியிருந்தாலும் மூன்று சக்கரத்தை மறுபடியும் கணக்கில் எடுங்கள். அந்தக் கருத்தில் நான் மாறவில்லை.