ஊரடங்கு புருஷன் பொண்டாட்டியைச் சேர்த்து வச்சுதா, பிரிச்சுதா?

பெருங்குடி தயா:
2020 மார்ச்சுக்கு முன்னாடி ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வரவே ராத்திரி பத்தாகும். வீட்டம்மாகிட்ட உருப்படியா பேசுறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். ஊரடங்குலதான் சேர்ந்து சமைச்சோம், மொட்டை மாடியில நடந்தோம். கொரோனாவால குடும்பம் பிரிஞ்சுதுன்னு சொல்றவங்க, ஏற்கெனவே விரிசல் விட்ட குடும்பத்தைத்தான் சொல்றாங்க.

வியாசர்பாடிப் பொண்ணு:
உங்க வீட்ல எத்தனை ரூம் சார்? எங்களது ஹவுசிங் போர்டு. ஒரே ரூம், மாமியார், ரெண்டு பசங்க, ஆன்லைன் கிளாஸுக்கு ஒரே போன். சண்டை போடக்கூட இடம் வேணும் இல்லையா? முன்னாடியெல்லாம் சண்டை முத்துனா அவர் டீக்கடைக்குப் போயிடுவார். திரும்பி வர்றப்ப ரெண்டு பேருக்கும் பாதி கோபம் இறங்கியிருக்கும். அந்தக் கடையையே சாத்திட்டாங்க. அப்புறம் திறந்தப்பவும் பார்சல் மட்டும்தான், நின்னு குடிக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ஆட்டோ ஓடல, தண்டல்காரன் போன் மட்டும் நிக்காம வந்துச்சு. இதுல விரிசல் எங்கே இருந்துச்சு?

குரோம்பேட்டை தாத்தா:
நாங்கள் ஒரே வீட்டில் பதினோரு பேர் இருந்தோம். விட்டுக்கொடுத்துப் போனோம். இன்றைக்கு அது இல்லை.

கறுப்புக் கோட்டு:
யார் விட்டுக்கொடுத்தாங்கன்னும் சொல்லுங்க ஐயா. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யுற பொம்பளைங்க ஒரு நாளைக்கு அதுக்குச் செலவழிச்சது சராசரி 299 நிமிஷம். ஆம்பளைங்க 97. அதுவும் வேலை செய்யுற ஆம்பளைங்களை மட்டும் எடுத்தா. பெரும்பாலானவங்க அந்தக் கணக்குக்கே வரல. ஊரடங்குக்கு முந்தின கணக்கு இது.

புளியந்தோப்பு பாலு:
ஒண்ணு மறந்துட்டீங்க. டாஸ்மாக். வெளி மாவட்டத்துல மே 7-ல திறந்து, ஐகோர்ட்டு மூடச் சொல்லி, சுப்ரீம் கோர்ட்டு தடை கொடுத்து, மே 16-ல மறுபடி திறந்தாங்க. சென்னைக்கு மட்டும் ஆகஸ்ட் 18. எங்க தெருவுல பல பொம்பளைங்க நிம்மதியா தூங்குனது அந்த அஞ்சு மாசம்தான். ஊரடங்கைத் திட்டுறவங்க அவங்களையும் கேளுங்க.

வியாசர்பாடிப் பொண்ணு:
எங்க பிளாக்ல கதை வேற. கள்ளத்தனமா மூணு மடங்கு வெலைக்கு வாங்குனாங்க. அடகுக்குப் போனது தாலி.

பெருங்குடி தயா:
குடி, அடிதடி எல்லாம் வேற விஷயம்ங்க. நான் சாதாரண ஜோடிகளைப் பத்திப் பேசுறேன்.

கறுப்புக் கோட்டு:
வேற விஷயம் இல்ல சார். அடி வாங்கின எத்தனையோ பேர் அதுவரைக்கும் சாதாரண ஜோடிதான். 2020 ஏப்ரல்ல தேசிய மகளிர் ஆணையம் புகாருக்குன்னே வாட்ஸ்அப் நம்பர் கொடுத்துச்சு. ஏன்? அவன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான், போன்ல எப்படிப் பேசுறது? சரி, அம்மா வீட்டுக்குப் போகலாம்னா பஸ் இல்ல, ரயில் இல்ல. மாவட்டம் தாண்ட இ-பாஸ். அதுக்கு ஏத்துக்கிட்ட காரணம் கல்யாணம், சாவு, அவசர வைத்தியம், இப்படிச் சிலதுதான். புருஷன் அடிக்கிறான்னு எழுத அதுல இடமே இல்ல. ரெண்டு நாள் அம்மா வீட்ல இருந்துட்டு வந்தா ஆறிப்போற சண்டைக்கும் அதே கதிதான்.

பெருங்குடி தயா:
ஆகஸ்ட் 17-லேர்ந்து கேட்டவங்களுக்கெல்லாம் இ-பாஸ் கொடுத்தாங்களே?

கறுப்புக் கோட்டு:
கொடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் என் ஆபீஸ் வாசல்ல செருப்பு சேர ஆரம்பிச்சுது. வந்தவங்கள்ல பாதிப் பேர் விவாகரத்தே கேட்கல. கொஞ்ச நாள் தனியா இருக்க சட்டத்துல வழி இருக்கான்னுதான் கேட்டாங்க.

குரோம்பேட்டை தாத்தா:
இருக்கிறதா?