உலகளாவிய சுகாதாரப் பணிக்கு எந்த வழியில் செல்வது?

கேள்வி (பயிற்சி மருத்துவர், குடியாத்தம்)

சென்ற மாதம் சர்க்கரை நோய் மருந்தாய்வு ஒன்றுக்கு நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கும் பணி எனக்குத் தரப்பட்டது. பேர்ணாம்பட்டிலிருந்து வந்த, எழுதப் படிக்கத் தெரியாத, பீடி சுற்றும் அம்மையார் ஒருவர், நான் விளக்கி முடிக்கும் முன்பே "நீ சொன்னா சரிதாம்மா" என்று கைநாட்டு வைத்துவிட்டார். அது ஒப்புதல்தானா, அல்லது மருத்துவர் மீது அவருக்கிருந்த நம்பிக்கையை நான் பயன்படுத்திக்கொண்டேனா என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை. மருத்துவ அறநெறியையும் மனித உரிமையையும் வாழ்நாள் பணியாகக் கொள்ள விரும்புகிறேன். முதலில் பொது மருத்துவத்தில் எம்.டி. முடிக்குமாறு அப்பா சொல்கிறார். நேராக வெளிநாட்டில் பொதுச் சுகாதாரம் படிக்கலாமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற மருத்துவர், காட்பாடி)

அப்பா சொல்வதே சரி அம்மா. உலகச் சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் திட்டத்தைத் தொடங்கி நடத்திய ஜோனதன் மான், அதற்கு முன் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் எய்ட்ஸ் ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தியவர். ஒதுக்கி வைக்கப்படுவோம் என்று அஞ்சுபவர்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள், ஆகையால் உரிமையைக் காப்பதே நோயைக் கட்டுப்படுத்தும் வழி என்று அவர் வாதிட்டார். நம் ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு. 1986 இல் சென்னையில் பாலியல் தொழிலாளரிடம் எடுத்த இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அதன்பின் தொற்று இருந்த ஒரே காரணத்துக்காகப் பெண்கள் சிலர் காலவரம்பு கடந்தும் காவலில் வைக்கப்பட்டு, நீதிமன்றம் தலையிட்ட பிறகே விடுவிக்கப்பட்டனர். கிருமியைக் கண்டுபிடித்த நாங்கள் அந்தப் பெண்களைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது என் நீங்காத வருத்தம்.

பதில் 2 (தொழுநோய் மறுவாழ்வுப் பணியாளர், கரிகிரி)

வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கியது 1940களின் இறுதியில். தொழுநோயாளரை அடைத்துவைக்க வழிசெய்த 1898 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டதோ 2016 இல். விவாகரத்துக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி 2019 வரை இருந்தது. மருத்துவம் முன்னே சென்றும் சட்டம் பின்தங்கிய இந்த இடைவெளியில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது.

பதில் 3 (வழக்கறிஞர், அறநெறிக் குழு உறுப்பினர், ராணிப்பேட்டை)

படிப்பைப் பிறகு முடிவு செய்யலாம், அந்த அம்மையாரை முதலில் கவனியுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் இறுதிவரை உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதையும் அவர் மொழியிலேயே சொல்லி, அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேளுங்கள். நடந்ததை ஆய்வின் தலைமை மருத்துவருக்கும் அறநெறிக் குழுவுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேட்டவர்

வியாழக்கிழமை அவர் மறுபரிசோதனைக்கு வருகிறார். கடிதத்தை இன்றே எழுதுகிறேன். சாட்சியாக வேறு பிரிவின் செவிலியர் ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு அந்த மருந்தாய்வோடு எந்தத் தொடர்பும் இல்லை.