டெல்ஃபி 7: டிலிஸ்ட்டில் ரெக்கார்டு பாயிண்டர்கள், எல்லா வரியிலும் கடைசிச் சரக்கே வருகிறது

கேள்வி

வணக்கம். டெல்ஃபி 7-ல் (பாஸ்கல் மொழியில் விண்டோஸ் புரோகிராம் எழுதும் கருவி) எழுதிய, சரக்கு இருப்பு பார்க்கும் சின்ன புரோகிராம் இது. பெயர் (ஸ்ட்ரிங்), விலை (கரன்சி), இருப்பு (இன்டிஜர்) என்று மூன்று ஃபீல்டு உள்ள ‘டிசரக்கு’ ஒரு ரெக்கார்டு (பல ஃபீல்டை ஒன்றாகச் சேர்த்த டைப்). அதற்கு ‘பிசரக்கு’ என்று பாயிண்டர் (மெமரி முகவரி) டைப். ஃபார்ம் திறக்கும்போது, ரெக்கார்டுக்கு மெமரியில் இடம் ஒதுக்கும் நியூ(பி) ஒரு தடவை கொடுத்திருக்கிறேன். ‘சேர்’ பட்டனை அழுத்தினால் எடிட் பெட்டியில் இருப்பதை பி^-க்குள் (பி காட்டும் ரெக்கார்டுக்குள்) போட்டு, லிஸ்ட்.ஆட்(பி). லிஸ்ட் என்பது டிலிஸ்ட், அதாவது பாயிண்டர்களை வரிசையாக வைக்கும் பட்டியல்.

5 சரக்கு சேர்த்தால் கவுண்ட் சரியாக 5 காட்டுகிறது. ஆனால் ஐந்து வரியிலும் கடைசியாகச் சேர்த்த சரக்குதான் தெரிகிறது.

இருப்பு 0 ஆனவற்றை நீக்க 0-விலிருந்து கவுண்ட் - 1 வரை லூப் போட்டேன். சிலது விடுபடுகிறது, முடிவில் ‘லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ என்று நிற்கிறது. மூடும்போது லிஸ்ட்.கிளியர், லிஸ்ட்.ஃப்ரீ மட்டும் கொடுத்தால் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1

லிஸ்ட்டுக்குள் போவது சரக்கு அல்ல நண்பரே, சரக்கு இருக்கும் முகவரி மட்டும். 32 பிட்டில் அது 4 பைட். நியூ ஒரே தடவை நடந்ததால் மெமரியில் ஒரே ஒரு ரெக்கார்டுதான் உண்டு. அதே முகவரியை ஐந்து தடவை ஆட் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கிளிக்கும் அந்த ஒரே இடத்தின் மேல் எழுதுகிறது, அதனால் எல்லா வரியும் கடைசிச் சரக்கையே காட்டுகிறது. நியூவை பட்டன் கிளிக்குக்குள் கொண்டுவாருங்கள், பி-யை அங்கேயே லோக்கலாக வையுங்கள்:

நியூ(பி);
பி^.பெயர் := பெயர்ப்பெட்டி.டெக்ஸ்ட்;
பி^.இருப்பு := 0;
லிஸ்ட்.ஆட்(பி);

இருப்புக்கு 0 போட்டதைக் கவனியுங்கள். நியூ, ஸ்ட்ரிங் ஃபீல்டை மட்டும்தான் காலியாக்கித் தரும். எண் ஃபீல்டுகளில் பழைய குப்பை இருக்கலாம். நியூவுக்குப் பதிலாக கெட்மெம் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் ஸ்ட்ரிங் ஃபீல்டிலும் குப்பை இருக்கும். முதல் தடவை பெயரை எழுதும்போதே அந்தக் குப்பையைப் பழைய ஸ்ட்ரிங் என்று நம்பி விடுவிக்கப் போய், ஆக்ஸஸ் வயலேஷன் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) வரலாம்.

இரண்டாவது சிக்கல் லூப்பின் திசை. 2-ஆம் இடத்தை நீக்கியதும் 3-ல் இருந்தது 2-க்கு நகர்கிறது, லூப் எண் ஐ அதற்குள் 3-க்குப் போய்விடும். விடுபடுவது அப்படித்தான். ஃபார் லூப்பின் மேல் எல்லை தொடக்கத்தில் ஒரு முறைதான் கணக்கிடப்படும். கவுண்ட் குறைந்தாலும் லூப்புக்குத் தெரியாது. பின்னாலிருந்து வாருங்கள்:

ஃபார் ஐ := லிஸ்ட்.கவுண்ட் - 1 டவுன்டு 0 டூ
பிகின்
பி := லிஸ்ட்[ஐ];
இஃப் பி^.இருப்பு = 0 தென்
பிகின்
லிஸ்ட்.டெலீட்(ஐ);
டிஸ்போஸ்(பி);
எண்ட்;
எண்ட்;

கிளியர் போதாது. அது முகவரிப் பட்டியலை மட்டும் காலி செய்யும், ரெக்கார்டுகள் மெமரியிலேயே கிடக்கும். கிளியருக்கு முன் ஒவ்வொன்றையும் டிஸ்போஸ் செய்து மெமரியை விடுவிக்க வேண்டும். இங்கே பலரும் தவறுவது: டிஸ்போஸ்(லிஸ்ட்[ஐ]) என்று நேரடியாக எழுதிவிடுவார்கள். கம்பைலர் தடுக்காது. ஆனால் அது டைப் இல்லாத வெறும் பாயிண்டர், உள்ளே ஸ்ட்ரிங் இருப்பது டிஸ்போஸுக்குத் தெரியாது. ரெக்கார்டு போகும், பெயர் ஸ்ட்ரிங் லீக் ஆகும், அதாவது விடுவிக்கப்படாமல் மெமரியிலேயே தங்கிவிடும். பி என்ற ‘பிசரக்கு’ வேரியபிளில் எடுத்துக்கொண்டு டிஸ்போஸ் செய்வது அதற்காகத்தான்.

பதில் 2

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் டெலீட் செய்கிற ஒவ்வொரு இடத்திலும் டிஸ்போஸை நினைவில் வைப்பது நீண்ட நாள் தாங்காது. டிலிஸ்ட்டிலிருந்து ‘டிசரக்குலிஸ்ட்’ என்று ஒரு கிளாஸ் எடுத்து, நோட்டிஃபை என்ற மெத்தடை (பட்டியலில் ஏதாவது சேரும்போதும் நீங்கும்போதும் தானாக அழைக்கப்படுவது) ஓவர்ரைடு செய்யுங்கள். ஆக்‌ஷன் எல்என்-டெலீட்டட் (நீக்கப்பட்டது) ஆக இருந்தால் டிஸ்போஸ்(பிசரக்கு(பிடிஆர்)), அவ்வளவுதான். பிடிஆர் என்பது நோட்டிஃபைக்கு வரும் பாயிண்டர். டெலீட், கிளியர், ஃப்ரீ மூன்றும் இந்த வழியாகவே போகும். அப்புறம் வெளியே எங்கும் டிஸ்போஸ் இருக்கக் கூடாது, பதில் 1-ல் உள்ள லூப்பிலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இரண்டு தடவை விடுவித்தால் ‘இன்வேலிட் பாயிண்டர் ஆபரேஷன்’.

ஒரு பொறி உண்டு. இரண்டு வரிகளை இடம் மாற்ற லிஸ்ட்[0] := லிஸ்ட்[1] என்று எழுதினால், 0-ல் இருந்த பழைய பாயிண்டருக்கும் எல்என்-டெலீட்டட் வந்து ரெக்கார்டு அழிந்துவிடும். அதற்கு எக்ஸ்சேஞ்ச் அல்லது மூவ் பயன்படுத்துங்கள். ரெக்கார்டை அழிக்காமல் லிஸ்ட்டிலிருந்து வெளியே எடுக்க எக்ஸ்ட்ராக்ட். அதற்கு வேறு ஆக்‌ஷன் வருவதால் டிஸ்போஸ் நடக்காது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நோட்டிஃபை வழியில் மாற்றிவிட்டேன், வரிகள் சரியாக வருகின்றன. ஆனால் சரக்கை நீக்கிய பிறகு லிஸ்ட்வியூவில் (திரையில் வரிகளைக் காட்டும் பெட்டி) கிளிக் செய்தால் சில நேரம் ஆக்ஸஸ் வயலேஷன், சில நேரம் பழைய பெயரே வருகிறது. அதன் ஒவ்வொரு வரியின் ஐட்டம்.டேட்டாவில் அதே பாயிண்டரை வைத்திருக்கிறேன்.

பதில் 1

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரெக்கார்டு போய்விட்டது, ஐட்டம்.டேட்டா இன்னும் அந்த முகவரியையே பிடித்திருக்கிறது. அந்த இடம் வேறு எதற்கும் கொடுக்கப்படாத வரை பழைய மதிப்பு அப்படியே கிடக்கலாம், அதனால்தான் சில நேரம் ஒழுங்காக வேலை செய்வதுபோல் ஏமாற்றுகிறது. முதலில் லிஸ்ட்வியூவின் ஐட்டத்தை நீக்குங்கள், பிறகு லிஸ்ட்டிலிருந்து டெலீட். டிஸ்போஸுக்குப் பின் பி := நில் (வெற்று முகவரி) போடுவது இங்கே உதவாது. அது பி-யை மட்டும் மாற்றும், ஐட்டம்.டேட்டா தனிப் பிரதி.

இப்படிப்பட்டதைக் கையும் களவுமாகப் பிடிக்க ஃபாஸ்ட்எம்எம்4 என்ற மெமரி மேனேஜரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் ஃபைலின் யூசஸ் பட்டியலில் அது முதல் யூனிட்டாக இருக்க வேண்டும். ஃபுல் டீபக் மோடில் விடுவித்த மெமரியை 80 என்ற ஹெக்ஸ் பைட்டால் நிரப்பும். பிழைச் செய்தியில் 80808080-ஐ ஒட்டிய முகவரி தெரிந்தால், விடுவித்த ரெக்கார்டைத் தொட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். டெல்ஃபி 2006 முதல் இந்த மேனேஜர் உள்ளேயே வருகிறது. அங்கே ரிப்போர்ட்மெமரிலீக்ஸ்ஆன்ஷட்டவுன் := ட்ரூ என்ற ஒரு வரி, மூடும்போது லீக் பட்டியலைக் காட்டும். லாசரஸில் (டெல்ஃபி போன்ற இலவசக் கருவி) இதே வேலைக்கு ஹீப்டிரேஸ், கம்பைலர் சுவிட்ச் -ஜிஎச்.

பதில் 3

புதிதாக எழுதுவதாக இருந்தால் நான் ரெக்கார்டு பாயிண்டரையே தேர்ந்தெடுக்க மாட்டேன். சரக்கை ஒரு கிளாஸாக எழுதி, கான்ட்னர்ஸ் யூனிட்டில் உள்ள டிஆப்ஜெக்ட்லிஸ்ட்டில் ஓன்ஸ்ஆப்ஜெக்ட்ஸ் ட்ரூ என்று வைத்தால், நோட்டிஃபை வேலையை அதுவே செய்துவிடும். டெல்ஃபி 7-லேயே இது இருக்கிறது. ஆப்ஜெக்ட் உருவாகும்போது எல்லா ஃபீல்டும் 0 ஆகிவிடும் என்பது கூடுதல் நிம்மதி.

டெல்ஃபி 2009-க்கு மாறினால் ஜெனரிக் டிலிஸ்ட்டில் (எந்த டைப்பை வைக்கலாம் என்று நாமே சொல்லும் பட்டியல்) ரெக்கார்டையே நேராக வைக்கலாம், நியூ, டிஸ்போஸ் எதுவும் தேவையில்லை. ஆனால் லிஸ்ட்[ஐ].இருப்பு := 5 என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது, ஏனென்றால் லிஸ்ட்[ஐ] ஒரு பிரதியைத்தான் தருகிறது. பிரதியை வேரியபிளில் வாங்கி, மாற்றி, திருப்பி லிஸ்ட்[ஐ]-ல் வைக்க வேண்டும். அதைத் தவிர்க்க உள் அரேயின் முகவரியை எடுத்து ஐட்டம்.டேட்டாவில் வைத்துவிடாதீர்கள். கெபாசிட்டி (ஒதுக்கிய இடம்) நிரம்பி அரே பெரிதாகும்போது மொத்தமும் வேறு இடத்துக்கு நகரலாம், எடுத்த முகவரிகள் எல்லாம் செத்துவிடும். நியூ போட்ட ரெக்கார்டுக்கு இந்த ஆபத்து இல்லை. டெல்ஃபி 7-ன் டிலிஸ்ட்டும் 4, 8, 12, 28, 44 என்று வளரும்போது நகரத்தான் செய்கிறது, ஆனால் நகர்வது முகவரிப் பட்டியல், ரெக்கார்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபைலிலிருந்து 10,000 சரக்கு ஏற்றப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே லிஸ்ட்.கெபாசிட்டி := 10000 கொடுத்துவிடுங்கள், ஒரே தடவையில் இடம் கிடைத்துவிடும்.