எதிரெதிர்க் கண்ணாடியில் உள்ளே போகப் போகப் பச்சை ஏன்? வளைவு ஏன்?

அம்மாபேட்டைக்காரன்:
வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் அண்ணன் சலூன் வைத்திருக்கிறார். போன மாதம் பின்சுவரிலும் ஒரு பெரிய கண்ணாடி மாட்டினோம். இரண்டுக்கும் நடுவே எட்டடி. ஏழாவது படிக்கும் என் மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.

ராத்திரி கடை அடைத்த பிறகு நானும் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். முகம், முதுகு, முகம், முதுகு என்று வரிசை போய்க்கொண்டே இருக்கிறது. முதல் நாலைந்து துண்டு வெள்ளை. பத்தைத் தாண்டினால் பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி பச்சை. அப்புறம் இருட்டு. வரிசை நேராகவும் இல்லை, வளைந்து மேலே ஏறுகிறது. கண்ணாடி மட்டமான சரக்கோ என்று அண்ணனுக்குச் சந்தேகம். மகளுக்கு வேறு கேள்வி: லைட்டை அணைத்தால், உள்ளே மாட்டிக்கொண்ட வெளிச்சம் எங்கே போகும்?

கண்ணாடி வெட்டுபவன்:
அண்ணா, உங்கள் கண்ணாடியில் குறை இல்லைங்க. வெட்டிய துண்டு ஏதாவது கிடந்தால் விளிம்பைப் பாருங்கள், பச்சையாகத்தான் இருக்கும். மணலோடு வரும் துளி இரும்பு செய்கிற வேலை அது. சிவப்பை அதிகம் குடித்துவிடும், பச்சையை விட்டுவிடும். ரசம் இருப்பது பின்பக்கம். பேனா முனையைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், முனைக்கும் உள்ளே தெரியும் முனைக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். அதனால் ஒளி திரும்பும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். 5 மி.மீ. கண்ணாடி என்றால் ஒரு தடவைக்கு 10 மி.மீ. இருபது தடவைக்கு 20 செ.மீ. அவ்வளவு கனமான கண்ணாடி வழியாகப் பார்த்தால் எந்த வெள்ளைத் துண்டும் பச்சையாகத்தான் தெரியும்.

வளைவு மாட்டியதில் வந்தது. ஆணியில் தொங்கும் கண்ணாடி தலைப்பக்கம் முன்னால் சாயும். வரிசை எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் இடைவெளி குறைவு. மேலேயும் கீழேயும் டேப் வைத்து அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏற்காடு டீச்சர்:
நாலடி உயரக் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தாலே, ஒளி ஒருமுறை போய் வரும்போது சுமார் 1 டிகிரி திரும்பிவிடும். பத்துச் சுற்றில் 10 டிகிரி.

பாப்பாவின் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளிச்சம் மாட்டிக்கொள்வதில்லை, தேய்கிறது. வீட்டுக் கண்ணாடி நூறில் சுமார் 90 பங்கைத்தான் திருப்பித் தரும். பத்து தடவையில் 35 பங்கு மிஞ்சும், இருபதில் 12. மீதியெல்லாம் கண்ணாடியிலேயே துளிச் சூடாகிவிடுகிறது. எட்டடியைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியின் நூறு கோடியில் 8 பங்கு போதும். விரல் சுவிட்சை விட்டு வருவதற்குள் சில நூறு தடவை மோதித் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ ஆய்வகத்தின் 4 கிலோமீட்டர் குழாயில் ஒளியைச் சுமார் 300 முறை மோதித் திரும்ப வைக்கிறார்கள். அதற்கு ஒளியைக் கிட்டத்தட்டக் குடிக்காத தனிக் கண்ணாடி வேண்டும். இதையும் பாப்பாவிடம் சொல்லுங்கள்.

அம்மாபேட்டைக்காரன்:
அளந்தேன். மேலே ஒன்றே கால் சென்டிமீட்டர் குறைவு! மேல்பக்கத்தைச் சுவரோடு ஒட்டத் தள்ளி கிளிப் அடித்தோம். வரிசை நேராகிவிட்டது, ஆனால் இப்போது என் தலையே பின்னால் இருப்பதை எல்லாம் மறைக்கிறது. மகள் கழுத்தை ஒருபக்கம் சாய்த்து எண்ணினாள். இருபத்து மூன்று வரை வந்ததாம். டீச்சர், அவள் கழுத்தை இன்னும் நேராக்கவில்லை.