கம்ப்யூட்டர்ல பில் போட்டா ஒரு கிராம் கூடத் தப்பாதாம்ல? அப்ப என் 1 கிலோ 200 எங்கய்யா?

கல்லாப்பெட்டி, கீழமாசி வீதி:
நேத்து இங்க ஒரு தம்பி எழுதியிருந்தார். "கடைக்கு பிஓஎஸ்ங்கிற பில் போடுற மென்பொருள் போட்டுட்டா சரக்குக்கும் விற்பனைக்கும் ஒரு கிராம் வித்தியாசம் வராது, வந்தா அது களவுதான்"னு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. மகன் நச்சரிச்சான்னு நானும் போன தையில மெஷினு, பார்கோடு துப்பாக்கி, பில்லு உருளை எல்லாம் வாங்கிப் போட்டிருக்கேன். ராத்திரி கடை சாத்திட்டுத் துவரம்பருப்பை எடை போட்டேன். கம்ப்யூட்டர் 3 கிலோ 200ங்குது. டப்பாவுல 2 கிலோதான் கிடக்கு. கடையில நிக்கிறது நான், என் மகன், எங்க வீட்டம்மா, மூணே பேரு. இதுல களவாணி யாருன்னு தம்பி வந்து சொல்லட்டும்.

பார்கோடு மதுரை:
நான்தாண்ணே எழுதினது. உங்க வீட்டு ஆளுகளைச் சொல்லல. 50 கிலோ மூட்டையை உடைச்சு அரைக்கிலோ பாக்கெட் போடுறீங்கள்ல? மூட்டையில கழிச்சு பாக்கெட்டுல ஏத்துற என்ட்ரி தனியா இருக்கு. அதைப் போட்டீங்களா?

கல்லாப்பெட்டி:
கேள்வி கேட்டா பதில் வரணும் தம்பி, இன்னொரு கேள்வி வரக்கூடாது. 1 கிலோ 200 எங்க?

அரைக்கிலோ:
இதுல என்ன ரகசியம் இருக்கு. ஒரு மூட்டைக்கு நூறு அரைக்கிலோ பாக்கெட். பாக்கெட்டுக்கு 12 கிராம் கூடப் போச்சுன்னா நூறுக்கு 1 கிலோ 200. சோலி முடிஞ்சது. என் கடைத் தராசு 5 கிராம் 5 கிராமாத்தான் ஏறும். 495-ல நின்னா ஒரு சிட்டிகை போடுவோம், அது 510-க்குப் போயிரும். அதைத் திரும்ப எடுக்க யாருக்குப் பொறுமை இருக்கு? அது போக, நீங்க ஸ்டாக்குன்னு சொல்றது டப்பாவுல இருக்கிறதையா, ரேக்குல அடுக்கின பாக்கெட்டையும் சேர்த்தா?

கல்லாப்பெட்டி:
என் கையி 12 கிராம் தாராளம்ங்கிறீரா? 38 வருஷம் அள்ளுன கையி இது. கண்ணை மூடிட்டு அள்ளுனாலும் 500 நிக்கும்.

மேலூர் மளிகை:
38 வருஷமா கண்ணை மூடிட்டா அள்ளுனீங்க? இப்பத்தான் விளங்குது.

கல்லாப்பெட்டி:
வாங்க மேலூரு. உங்களைத்தான் காணோமேன்னு பார்த்தேன். போன வருஷம் தராசுக்கு அரசாங்கம் குத்துற முத்திரை பத்திப் பேசுனப்ப "வருஷத்துக்கு ஒருக்கா முத்திரை எதுக்கு, தண்டச் செலவு"ன்னு எழுதுனது நீங்கதானே? நான் மறக்கல. தராசுக்கே முத்திரை வேணாங்கிறவரு எடையைப் பத்திப் பேசுறாரு.

மேலூர் மளிகை:
நான் செலவு அதிகம்னுதான் சொன்னேன், வேணாம்னு சொல்லல. அந்தப் பதிவு இன்னும் கிடக்கு, போய்ப் படிங்க. இங்கிட்டு விஷயத்துக்கு வருவோம். பருப்பை விடுங்க, புளிக்கு என்ன சொல்லும் உங்க கம்ப்யூட்டரு? மாசி, பங்குனியில நத்தம் பக்கம் புதுப்புளி எடுத்து வைக்கிறேன். ஆடிக்குள்ள காய்ஞ்சு எடை இறங்கிரும். வத்தலும் அப்படித்தான். ஒரு பய தொடல, சரக்கு குறையுது. இதையும் களவுன்னுதான் தம்பி எழுதுவாரு.

பார்கோடு மதுரை:
அதுக்குத்தாண்ணே சேதாரம்னு ஒரு தலைப்பு வச்சிருக்கோம். மாசம் ஒருக்கா எடை போட்டு, குறைஞ்சதை அதுல எழுதிட்டா...

கல்லாப்பெட்டி:
பார்த்தீங்களா! நேத்து "ஒரு கிராம் வித்தியாசம் வராது", இன்னைக்கு "குறைஞ்சதை எழுதிட்டா". குறைஞ்சதை நானே எழுதணும்னா அதுக்கு எதுக்குய்யா மெஷினு? நாப்பது ரூவா நோட்டு போதுமே. எங்கப்பா சிட்டையில எழுதுனாரு, அதுலயும் குறையத்தான் செஞ்சது. ஆனா அது யாரையும் களவாணின்னு சொன்னதில்ல.

ஓரமா நிக்கிறேன்:
நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். சோப்பு, ஷாம்புல எனக்கு இதைவிடப் பெரிய தலைவலி. 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி வரி 18 சதவீதத்துலருந்து 5 ஆனப்ப பழைய எம்ஆர்பி சரக்கும் புது எம்ஆர்பி சரக்கும் ஒரே ரேக்குல கிடந்துச்சு. ரெண்டுலயும் பார்கோடு ஒண்ணுதான். துப்பாக்கியைக் காட்டுனா பழைய ரேட்டுதான் வந்துச்சு. வாங்க வந்தவங்க கல்லா முன்னாடி நின்னு என்னைக் கொள்ளைக்காரன்னு சொன்னாங்க.

அரைக்கிலோ:
சோப்புன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. குளிக்கிற சோப்புக்குத்தான் 5. துணி சோப்பு, சோப்புத்தூளுக்கு அதே 18தான்.

ஓரமா நிக்கிறேன்:
நான் குளிக்கிற சோப்பைத்தான் சொன்னேன்.

அரைக்கிலோ:
எழுதும்போது எழுதலையே.

பார்கோடு மதுரை:
ஒரே பார்கோடுக்கு ரெண்டு எம்ஆர்பி வச்சுக்கலாம் சார். ஸ்கேன் பண்ணதும் எந்த ரேட்டுன்னு கேட்கும். அந்த வசதியை ஆன் பண்ணணும், அவ்வளவுதான். ஆன் பண்ணாம மென்பொருளைத் திட்டுனா எப்படி?

மேலூர் மளிகை:
தம்பிக்கு எல்லாமே "ஆன் பண்ணணும், அவ்வளவுதான்". வருஷச் சந்தாவை மட்டும் யாரும் ஆன் பண்ண வேணாம், அதுவா ஆன் ஆயிருது.

கல்லாப்பெட்டி:
சோப்புக்குத் தனிப் பதிவு போட்டுப் பேசுங்கப்பா. இது பருப்புப் பதிவு. 1 கிலோ 200.

அரைக்கிலோ:
பருப்புக்கே வர்றேன். 2022 ஜூலை 18-ல இருந்து 25 கிலோ வரைக்கும் லேபிள் ஒட்டின பாக்கெட் பருப்புக்கு 5 சதவீதம் வரி. உங்க 50 கிலோ மூட்டைக்குக் கிடையாது, லூஸுல நிறுத்துக் கொடுத்தாலும் கிடையாது. நீங்க அரைக்கிலோ பாக்கெட்டை எந்தக் கணக்குல விக்கிறீங்கண்ணே?

கல்லாப்பெட்டி:
வெறும் கவர்ல போட்டுக் கட்டி வைக்கிறேன். லேபிள் ஒட்டுனேன்னு சொன்னேனா?

அரைக்கிலோ:
அப்ப பார்கோடு துப்பாக்கி எதைய்யா சுடுது?

மேலூர் மளிகை:
😂😂😂 கீழமாசி வீதியே கேட்குது, பதில் சொல்லுங்க.

கல்லாப்பெட்டி:
வரிக்கு எனக்கு ஆடிட்டர் இருக்காரு, அவருகிட்ட பேசிக்கிறேன். மேலூர்ல உக்காந்துக்கிட்டு கீழமாசி வீதியைப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுக்க வேணாம். டவுன் கடையில சாயங்காலம் ஆறுலருந்து ஒம்பது வரைக்கும் நிக்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? மூட்டையை உடைக்கிறப்பல்லாம் என்ட்ரி போட்டுக்கிட்டு இருந்தா வாங்க வந்தவன் அடுத்த கடைக்குப் போயிருவான். சித்திரைத் தேரு அன்னைக்கு என் கடையில கரண்டு இல்ல. பூரா பில்லும் துண்டுச்சீட்டுலதான் எழுதுனோம். அன்னைக்கு ஓடுன வியாபாரத்தை உங்க மெஷினு கண்டுச்சா?

பார்கோடு மதுரை:
அந்தத் துண்டுச்சீட்டை எல்லாம் மறுநாள் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களாண்ணே?

கல்லாப்பெட்டி:
அது மகன் பார்த்துக்கிற விஷயம்.

பார்கோடு மதுரை:
ஏத்தலைன்னா வித்த பருப்பை மெஷின் இன்னும் கடையில இருக்குன்னுதானே சொல்லும்? கணக்கு கூடுதலா காட்டுறதுக்கு அது ஒண்ணு போதும்ணே.

கல்லாப்பெட்டி:
தேரு போனது சித்திரையில. இந்த மூட்டையை உடைச்சது போன வெள்ளிக்கிழமை. வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்காதீங்க.

மேலூர் மளிகை:
மேலூர் மதுரை ஜில்லாவுக்குள்ளதான் இருக்கு, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஆறுலருந்து ஒம்பது கூட்டம் எங்களுக்கும் நிக்கும். திங்கக்கிழமை சந்தையன்னைக்கு வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க.

கல்லாப்பெட்டி:
கூப்பிட்டா வர்றேன். என் தராசையும் தூக்கிட்டு வர்றேன், முத்திரையோட.

புதுக்கடை:
அண்ணங்களே, வணக்கம். திருமங்கலத்துல அடுத்த மாசம் சின்னதா மளிகைக்கடை போடுறேன். இந்தச் சண்டையைப் பூராவும் படிச்சேன். பில்லிங் மென்பொருள் வாங்கலாமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.

அரைக்கிலோ:
முதல்ல தராசை ஒழுங்கா வாங்குங்க தம்பி.

மேலூர் மளிகை:
முத்திரைச் செலவையும் கணக்குல வச்சுக்கங்க 😂

கல்லாப்பெட்டி:
தம்பி திருமங்கலம், ரெண்டு நிமிஷம் பொறு. இப்பத்தான் மெஷினைத் திறந்து பார்த்தேன். துவரம்பருப்பு மைனஸ் 4 கிலோன்னு காட்டுது. மைனஸ் 4! டப்பா நிறையப் பருப்பு கிடக்கு, என் கண்ணால பார்க்குறேன். நேத்து குறைஞ்சதுக்குக் களவுன்னீங்க. இன்னைக்கு இல்லாத பருப்பை வித்திருக்கேனாம். யாரு வீட்டுல போய் நாங்க களவாண்டு வந்து வித்தோம்?

பார்கோடு மதுரை:
காலையில புது மூட்டை வந்துச்சாண்ணே? கொள்முதல் பில்லை ஏத்தாம பாக்கெட்டை வித்தா மைனஸ்தான் காட்டும். அந்த பில்லை இப்ப ஏத்துங்க, சரியாயிரும்.

கல்லாப்பெட்டி:
பில்லு மகன் சட்டைப்பையில இருக்கு. அவன் மாட்டுத்தாவணிக்குப் போயிருக்கான்.

அரைக்கிலோ:
😂

கல்லாப்பெட்டி:
சிரிங்க, நல்லா சிரிங்க. மைனஸ் 4-க்குப் பில்லுன்னு ஒரு காரணம் சொல்லிட்டாரு, சரி. அந்த 1 கிலோ 200-க்கு?

பார்கோடு மதுரை:
மூட்டை உடைச்ச என்ட்ரி போட்டீங்களான்னு முதல்லயே கேட்டேன்ணே. இன்னும் பதில் வரல.

கல்லாப்பெட்டி:
கடையில ஆள் நிக்குது. ராத்திரி வர்றேன். யாரும் பதிவைப் பூட்டிறாதீங்க.