நாஸ் ஸ்லோவா இருந்த கதை, உங்களுக்கும் நடந்திருக்கா?

செந்தூல்வீடியோ:
நம்ம கடை செந்தூல்ல, கல்யாணம் காதுகுத்துன்னு வீடியோ எடுக்குறது. தைப்பூசம் முடிஞ்சு பத்துமலை ஃபுட்டேஜ் எல்லாத்தையும் நாஸ்ல (நெட்வொர்க் வழியா எல்லாரும் ஃபைல் போட்டு வைக்குற ஹார்ட்டிஸ்க் பெட்டி) ஏத்தலாம்னா வினாடிக்கு 11 எம்பிக்கு (மெகாபைட்) மேல ஏறவே மாட்டேங்குது, முன்னாடி 110 சாதாரணமா ஓடும். முதலாளி உடனே ஹார்ட்டிஸ்க் போச்சு, புதுசு வாங்கலாம்ங்கறாரு. இருங்க பாஸ்னேன், ஏன்னா அந்த 11ங்கற நம்பரே பாதி கதைய சொல்லிடும், டிஸ்க் சாகப்போவுதுன்னா பெரும்பாலும் வேகம் ஏறும் இறங்கும் நடுவுல திக்கும், இப்படி ஆடாம அசையாம 11லயே நிக்காது. எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட், 100 மெகாபிட் நெட்வொர்க் வேகத்த எட்டால வகுத்தா பன்னெண்டரை மெகாபைட், அதுல ஓவர்ஹெட் (நெட்வொர்க்கே தன் வேலைக்கு எடுத்துக்குறது) கழிச்சா 11 சொச்சம். அப்ப கிகாபிட் (1000 மெகாபிட்) லைன் எங்கயோ 100க்கு விழுந்துருக்கு.

நெட்வொர்க் கேபிள் எல்லாம் வந்து சேருற சுவிட்ச் பெட்டியில பார்த்தா நாஸ் போர்ட்டுக்கு மட்டும் பச்சை லைட் இல்ல, ஆரஞ்சு. கேபிள பிடிச்சுக்கிட்டே போனா அலமாரி கால் அது மேல ஏறி உக்காந்துருக்கு, உறிச்சுப் பார்த்தா பிரவுன் கம்பி அறுந்து கெடக்கு. கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேணும், 100க்கு நாலே போதும், அதனால லைன் கட்டாகாம மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. லோயாட் கம்ப்யூட்டர் மால்ல ஒரு கேட்6 கேபிள் வாங்கி மாத்துனேன், பழையபடி 110. முதலாளி இன்னும் ஹார்ட்டிஸ்க் வெல பாத்துக்கிட்டுதான் இருக்காரு லா.

பட்டர்வொர்த்அக்கா:
எங்க ஆபீஸ்ல நேர் எதிரு. காப்பி போட்டா முதல்ல பறக்கும், கொஞ்சம் போனதும் 20, 5, அப்புறம் சுத்தமா நின்னு மறுபடி ஏறும். நெட்வொர்க் வேகத்த மட்டும் அளக்குற ஐபெர்ஃப் ஓட்டுனா 940 மெகாபிட் வருது, அப்ப நெட்வொர்க் மேல குத்தமில்ல. டிஸ்க் மாடல் நம்பர தேடுனா எஸ்எம்ஆர் ரகம். ஓட்டு வீட்டுல ஓடு வேயுற மாதிரி ஒரு தடத்து மேல அடுத்த தடம் ஏறி உக்காரும், ஒண்ண மாத்தி எழுதணும்னா பக்கத்துல உள்ளதையும் சேர்த்து எழுதணும், கேஷ் (வர்றத தற்காலிகமா வாங்கி வைக்குற எடம்) நெறயுற வரைக்கும்தான் ஆட்டம். ரெய்டு ரீபில்ட் (பல டிஸ்க் சேர்ந்த செட்டுல ஒண்ணு போயி புது டிஸ்க்ல எல்லாத்தையும் திரும்ப எழுதுறது) வந்தா இன்னும் கொடுமை. பெட்டி மேல ஒரு வார்த்தை போடல, 2020ல இத வெச்சு ஊரு உலகமே சண்டை போட்டுச்சு. தடம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சிஎம்ஆர் ரகமான்னு கேட்டு வாங்குங்க.

செந்தூல்வீடியோ:
அக்கா, ஐபெர்ஃப்ப நாஸ்லயே போட்டீங்களா?

பட்டர்வொர்த்அக்கா:
ஆமா தம்பி, டாக்கர்ல (சாஃப்ட்வேர தனி டப்பால போட்டு ஓட்டுறது) ஏத்துனேன். ரெண்டு பக்கமும் ஐபெர்ஃப் 3ஆ இருக்கணும், ஒண்ணு 2 ஒண்ணு 3ன்னா பேசிக்காது.