பொருள்: ஆவி ஏறிய பாத்திரத்துக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

வாவிக்கரை, திங்கள் இரவு:

கலைச்சொல் குழுவில் அனைவருக்கும் வணக்கம். வெள்ளி பின்னேரம் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மட்டக்களப்புக் கல்லடியில் சனிக்கிழமைகளில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் டன்ஜன்ஸ் அன் ட்ராகன்ஸ் விளையாடுகிறார்கள். நான்தான் கதை நடத்துகிறேன். தெரியாதவர்களுக்கு: மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, கதையை வாயால் சொல்லிக்கொண்டு போவார்கள். முடியுமா முடியாதா என்ற இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. அதன் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், ஆகவே மொழிபெயர்க்கத் தடையில்லை.

ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் விபரங்களை எழுதி வைக்கும் பாத்திரத் தாளைத் தமிழில் போட்டுவிட்டேன். வலு, கைவேகம், உடற்கட்டு, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்களும் முடிந்தன. இடிக்கிறது ஒரே ஒரு கட்டம். ஒரு மாணவி செய்த பாத்திரம் ஒரு தோணிக்காரப் பெண். அவளுக்குள் 300 வருஷத்துக்கு முன் செத்த ஒரு தளபதியின் ஆவி இருக்கிறது. சண்டை வந்தால் தளபதி மேலே வருவார். ஆங்கிலத்தில் பொஸெஸ்ட் என்கிறார்கள். நான் 'பேய்பிடித்தவர்' என்று போட்டேன். பிள்ளை தாளைத் திருப்பித் தந்துவிட்டது. "சேர், அவர் பேயில்லை, தளபதி."

கட்டத்தில் எட்டு எழுத்துக்கு மேல் பிடிக்காது.

களுதாவளையான், செவ்வாய் காலை:

தம்பி, பிள்ளை மறுத்தது சரி. ஆனால் காரணம் இலக்கணத்தில் இருக்கிறது.

'பேய் பிடித்த பிள்ளை' என்றால் மயக்கமில்லை. 'நாய் கடித்த பிள்ளை' போல, பெயரெச்சம் செயப்படுபொருளைக் கொண்டு முடிகிறது. அதையே 'பிடித்தவர்' என்று வினையாலணையும் பெயராக்கிவிட்டால், பிடித்தவரும் அவரே, பிடிபட்டவரும் அவரே. பாம்பு பிடித்தவர் யார்? பாம்பைப் பிடித்தவர். மீன் பிடித்தவர் யார்? கல்லடிப் பாலத்தடியில் வலை வீசுகிறவர். அந்தக் கணக்கில் பேய்பிடித்தவர் என்றால் பேயோட்டுகிறவர் என்றும் ஆகும். விளையாட்டில் அப்படியொரு பாத்திரமும் இருக்கும்தானே, அவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

இனி யாராவது 'பிடிக்கப்பட்டவர்' என்று வருவார்கள். வேண்டாம், அது சுற்றறிக்கைத் தமிழ். தமிழுக்குச் செயப்பாட்டு வினை இவ்வளவு தேவைப்பட்டதே இல்லை. மெழுகப்பட்டது திண்ணைதான் என்றாலும் 'திண்ணை மெழுகிற்று' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நாம்.

என் பரிந்துரை: அணங்குற்றோர், அதாவது தெய்வம் ஏறியவர். ஏழு எழுத்து. சிலம்பின் வேட்டுவ வரியில் சாலினி என்ற பெண் 'தெய்வம் உற்று' மெய்ம்மயிர் சிலிர்க்க ஆடுகிறாள். உறுதல் என்ற ஒரு வினையே போதும், பிடித்தலும் வேண்டாம், படுதலும் வேண்டாம். அணங்கு என்பதோ அண் என்ற வேரில் பிறந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். அண்ணுதல், அணுகுதல், அணைதல், அணங்கு. நெருங்கி வந்து சேர்வது எதுவோ அது அணங்கு. வாவிக்கு அணை கட்டுகிறோமே, அந்த அணையும் இதே குடும்பம்தான். அண்ணன் என்ற சொல்லைப் பற்றியும் எனக்கொரு கருத்து உண்டு, பிறகு எழுதுகிறேன்.

1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் போட்டோக்கொப்பிக் கடைக்காகச் சொல் செய்வதா?

சம்மாந்துறை வாசகன், செவ்வாய் பகல்:

சேர் கோபிக்கக் கூடாது. அணங்குற்றோர் என்றால் பதினேழு வயசுப் பிள்ளை வேறு விதமாக விளங்கிக்கொள்ளும். முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு எடுத்த சங்ககாலத் தாயும் அப்படித்தானே ஏமாந்தாள்? மகள் மெலிந்ததற்குக் காரணம் முருகன் என்று நினைத்து ஆட்டை அறுத்தாள். காரணம் மலைநாட்டுப் பையன் ஒருவன். சங்கப் பாட்டு முழுக்க அது பிழையான டயக்னோசிஸ். அந்தப் பிழையையா பாத்திரத் தாளில் போடுவது?

எங்கள் பக்கத்தில் ஜின் பிடித்தது என்பார்கள். அதையும் நான் கேட்கவில்லை. ஆறு பிள்ளைகளில் இரண்டு பேர் காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைகள் என்று தம்பி முன்பு ஒருமுறை எழுதியிருந்தார். எல்லாப் பிள்ளையும் வாய் கூசாமல் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். தெய்வம் என்று வந்தால் இரண்டு பேருக்கு இடிக்கும், ஜின் என்று வந்தால் நாலு பேருக்கு. 'ஆவேசர்' எப்படி?

களுதாவளையான், செவ்வாய் பகல்:

வடமொழி.

சம்மாந்துறை வாசகன், செவ்வாய் பகல்:

பாத்திரம் மட்டும் என்ன மொழி சேர்?

ஆரையம்பதியான் (ஸ்காபரோ), செவ்வாய் இரவு:

இருபது வருஷமாக இந்த விளையாட்டு ஆடுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சொல்லைத் தேடுமுன் விதியைப் பாருங்கள். விதியில் இது ஒரே பொருள் இல்லை.

தம்பி மொழிபெயர்க்கிற விதிகளில் பேய் என்ற எதிரி ஒருவரின் உடலுக்குள் புகும். புகுந்தால் உடம்பு பேயின் கையில். ஆனால் உடம்புக்காரருக்கு நினைவு தப்பாது, உள்ளே இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். வலுவும் கைவேகமும் உடம்புக்காரருடையவை. அறிவும் விவேகமும் வசீகரமும் பேயினுடையவை. உடம்புக்காரர் கற்ற வித்தை எதுவும் பேய்க்கு வராது. உடம்பின் உயிர்ப்புள்ளி பூச்சியமானால் பேய் வெளியே வந்துவிடும். மறுகா 24 மணித்தியாலத்துக்கு அதே பேய் அவருக்குள் புக முடியாது.

இது பகை. பிள்ளை செய்திருப்பது உறவு. அதற்குக் கிட்டவான உதாரணம் பாத்ஃபைண்டர் என்ற, இதே குடும்பத்து விளையாட்டில், 2015 இல் வந்த மீடியம் என்ற வகை. அவர் ஆவியை விரும்பி அழைக்கிறார், அதன் திறமையைக் கடன் வாங்குகிறார். கடன் கூடக்கூட ஆவியின் பிடிக்குப் புள்ளி ஏறும். ஐந்து ஆனால் பாத்திரம் ஆடுபவரின் கையை விட்டுக் கதை நடத்துநரிடம் போய்விடும்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். இன்னொன்று: பேய் புகாமல் தடுக்க உருட்ட வேண்டியது தம்பி 'வசீகரம்' என்று போட்ட குணத்துக்கு. பேயை வசீகரித்தா துரத்துவது? அந்த இடத்தில் 'ஆளுமை' என்று மாற்றுங்கள்.

வாவிக்கரை, செவ்வாய் இரவு:

ஆளுமை. மாற்றிவிட்டேன். அண்ண, இந்த ஒன்றுக்கே உங்களுக்குப் பெரிய நன்றி.

தம்பிலுவில் பேத்தி, புதன் அதிகாலை:

நான் இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் ஸ்காபரோ அண்ணன் எழுதியதை வாசித்ததும் பேசாமல் இருக்க ஏலவில்லை. விரும்பி அழைக்கிறது, கடன் வாங்குகிறது, புள்ளி ஏறுகிறது. அண்ணன் எங்கள் வீட்டைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்?

எங்கள் அம்மப்பா அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் தெய்வம் ஆடுகிறவர். அவருக்குக் கலை வருவது வலது கால் பெருவிரலில் தொடங்கும். உடுக்கு ஒரு தாளத்துக்கு வந்ததும் அந்த விரல் மட்டும் மணலைக் கிண்டும். முகத்தில் ஒன்றும் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவரோடு தண்ணிக் குடத்தைப் பற்றிக்கூடப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு முழங்கால், பிறகு தோள். கமுகம்பூவைக் கையில் கொடுத்தால் அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வார், அதற்குப் பிறகு பேசுவது அவரில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு "நேத்து என்ன பறைஞ்ச நான்?" என்று அம்மம்மாவிடம் கேட்பார். அம்மம்மா சொல்வது ஒரே பதில்: "பறைஞ்சது அம்மன். உங்களுக்கென்னத்துக்கு?"

சொல் ஊரிலேயே கிடக்கிறது. கலை. ஆள் கலையாடி. நாலு எழுத்து. அந்தப் புள்ளிக்கு 'ஏற்றம்' என்று போடுங்கள், கலை ஏறிவிட்டது என்றுதானே சொல்கிறோம்.

சம்மாந்துறை வாசகன், புதன் காலை:

பதினைந்து வருஷமாக இந்தக் குழுவில் 'கலைச்சொல்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அது கலை வந்து சொன்ன சொல் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது. சேர் எழுதும் மடல்களுக்கு இப்போது ஒரு நியாயம் கிடைத்தது.

களுதாவளையான், புதன் பகல்:

நகைச்சுவை இருக்கட்டும். இந்தக் 'கலை' எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மூன்று வழி தெரிகிறது.

ஒன்று, பிறைக்கலை. சந்திரனுக்குப் பதினாறு கலை, ஏறும், இறங்கும். நம் கலையும் ஏறும், இறங்கும். இரண்டு, கலைதல். முடி கலைகிறது, நினைவு கலைகிறது. மூன்று, சைவ சித்தாந்தத்தின் கலை. ஆணவம் மூடிக் கிடக்கும் உயிரின் செயலாற்றலைச் சிறிதே விளக்குகிற தத்துவத்துக்கு அங்கே கலை என்று பெயர். தன் அறிவு ஒடுங்கிய இடத்தில் வேறொரு ஆற்றல் செயற்படுவதைப் படிப்பில்லாத நம் பாட்டன் பூட்டன் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள் என்றால் அது சாதாரண விஷயமா? எனக்கு மூன்றாவதுதான். ஆனால் நாலாவதையும் தள்ள முடியவில்லை. பழந்தமிழில் ஆண்மானுக்குக் கலை என்று பெயர், துள்ளுவது. முசுவின் ஆணுக்கும் அதே பெயர். ஆட்டத்தின் துள்ளலை நினைத்துப் பார்த்தால்

ஆரையம்பதியான், புதன் பகல்:

சேர், குரங்கு வரைக்கும் வந்துவிட்டோம். வெள்ளிக்கு இரண்டு நாள்தான் கிடக்கிறது.

மாவடி, புதன் இரவு:

நான் கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர் வீட்டு ஆள். சுருக்கமாகச் சொல்கிறேன். கலை என்ற சொல்லை எடுக்க ஒண்ணா. மச்சம் மாமிசம் விட்டு, மஞ்சள் குளித்து, விரதம் இருந்து ஆடுகிறவர்களின் சொல் அது. அதைக் கொண்டுபோய்ச் சோடாப் போத்தலும் ரோல்ஸும் கிடக்கிற மேசையில் பகடைக்குப் பக்கத்தில் வைப்பீர்களா? இங்கிலீசில் எப்படி வேண்டுமானாலும் விளையாடுங்கள். தமிழில் அந்தச் சொல்லைச் சொன்னால் அம்மன் வருவா.

தம்பிலுவில் பேத்தி, வியாழன் காலை:

மாவடி அண்ணனுக்கு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாண்டவர்களாக வேடம் தரித்தவர்கள் வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவநிலை ஏறுகிறார், கடைசியில் எல்லாருமாகத் தீயில் இறங்குகிறார்கள். பாத்திரம் எடுத்து ஆடுவதை அம்மன் கோபிப்பா என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் நேற்றிரவு அம்மாவிடம் கேட்டேன். "கலையாடி என்று தாளில அச்சடிக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டா. அதனால் நான் என் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஏற்றம் இருக்கட்டும்.

சம்மாந்துறை வாசகன், வியாழன் பகல்:

அப்படியென்றால் 'உரு'வை எடுப்போம். உரு வருகிறது என்று நாங்களும் கேட்டிருக்கிறோம். அதில் தெய்வமும் இல்லை, பேயும் இல்லை, ஜின்னும் இல்லை. தளபதியின் உரு என்றும் சொல்லலாம், பிள்ளை தாளில் கீறுகிற படத்தையும் சொல்லலாம். உருவாடி. பேய் பலவந்தமாகப் புகுந்த ஆளுக்கு 'உருச்சிறை' என்றோ என்னவோ போட்டுக்கொள்ளுங்கள், அது தாளில் வருவதில்லை.

களுதாவளையான், வியாழன் பகல்:

உருவாடியில் ஒரு குற்றம் உண்டு. ஆடி என்றால் கண்ணாடி. உரு + ஆடி என்று பிரிப்பவன் உருவத்தைக் காட்டும் கண்ணாடி என்றுதான் கொள்வான். ஆடுபவர் என்ற பொருள் கூத்தாடி, கழைக்கூத்தாடி போல வழக்கு ஊன்றிய இடத்தில்தான் தானாக வரும்.

வாவிக்கரை, வியாழன் இரவு:

சேர், உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்ற பாத்திரத்துக்குக் கண்ணாடி என்ற பொருளும் வந்தால் எனக்கு நட்டமில்லை. கை தூக்குங்கள்.

உருவாடி: சம்மாந்துறை, ஸ்காபரோ, நான். 'எதையாவது போட்டுத் தொலையுங்கள்' என்று தனி மடலில் எழுதிய இருவரையும் இதிலேயே சேர்க்கிறேன். அணங்குற்றோர்: சேர் ஒருவர். மாவடி அண்ணன், கலை இல்லையென்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்கிறார். தம்பிலுவில் தங்கச்சி பதில் போடவில்லை.

வாவிக்கரை, ஞாயிறு காலை:

பன்னிரண்டு தாள் அடித்தேன். கட்டத்தில் 'உருவாடி' அழகாக உட்கார்ந்தது. நேற்று மூன்று மணித்தியாலம் விளையாடினோம். அந்தச் சொல்லை நான் இரண்டு தரம் சொன்னேன், பிள்ளைகள் ஒருதரமும் சொல்லவில்லை. ஏற்றம் நாலில் நிற்கும்போது மாணவி பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். உருட்டினாள், மூன்று விழுந்தது. காத்தான்குடிப் பெடியன்தான் முதலில் கத்தினான்: "தளபதி ஏறிட்டார்!" மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஏறிட்டார், இறங்கிட்டார். தோணிக்காரப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தேவைப்படவில்லை.

அடுத்த தாளுக்கு, ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் 'சேவிங் த்ரோ' என்பதற்குச் சொல் வேண்டும். நான் 'தப்புவீச்சு' என்று வைத்திருக்கிறேன்.

களுதாவளையான், ஞாயிறு காலை:

தப்பு என்றால் பிழை என்றும் ஆகுமே, தம்பி. மாலையில் விரிவாக எழுதுகிறேன். அணங்குற்றோர் என்பதைப் பின்னிணைப்பிலாவது போடும்படி கேட்டிருந்தேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.